வேறெதுவும் வரக் கூடாது

எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.
கோணலாக இருக்கக் கூடாது.
வேறெதுவும் படத்தில் வரக் கூடாது.
முதல் நாளே சொல்லிவிட்டார்
நாகேந்திரப்பா சார்.

ஒரு நாளைக்கு நூற்றெழுபது மீட்டர்.
ஸ்ரீராமபுரம் ஆறாவது கிராஸில் தொடங்கி
தண்டவாளத்தை ஒட்டிய கடைசிச் சந்து வரை.
மாடிப்படிக்கு அடியில்,
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்,
ஒரு வீட்டில் சாமி படத்துக்கும் மேலே.
"மீட்டர் அண்ணா பந்த்ரு" என்று குரல் கொடுத்துவிட்டு
நாயைப் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் பிழையாகத்தான் வந்தது.
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பல்லியின் வால்.
படம் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள்.
மறுநாள் போனேன்.
பல்லி இல்லை.
அது இல்லாத சுவரை
அப்போதுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு படம்.
ஒன்று அலுவலகத்துக்கு.
இன்னொன்று
அரை அடி பின்னால் நகர்ந்து.

அரை அடியில் எவ்வளவோ வந்துவிடுகிறது.
சுவரில் பென்சிலால் எழுதிய பால் கணக்கு,
பதினேழாம் தேதிக்கு மட்டும் பெருக்கல் குறி.
ஒயரில் காயப் போட்ட பள்ளிக்கூட டை.
பெட்டியின் தலையில் யாருக்கும் தெரியாமல் வைத்த,
சந்துக்கே தெரிந்த
வீட்டுச் சாவி.

"ரெண்டு வாட்டி எடுத்தா ரெண்டு பில் வருமா?"
என்று கேட்டார் பில்கிஸ் அக்கா.
காட்டினேன்.
கதவைப் பிடித்திருந்த அவர் கையும் அதில் விழுந்திருந்தது,
விரலில் ஒட்டிய கோதுமை மாவோடு.
"அய்யே, அழி" என்றார்.
நான் அழிக்கப் போகும்போது
"இரு" என்றார்.
சுவரை ஒரு தரம், போனை ஒரு தரம் பார்த்தார்.
"இது இவ்ளோ பச்சையாவா இருக்கு?"
பதினோரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார்.
அடுப்பில் ஏதோ தீய்ந்தது.
இருவரும் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தோம்.

மூன்றாம் மாடியில் பூட்டிய வீடு ஒன்று.
எண் நகரவில்லை, நான்கு மாதமாக.
அலுவலகத்தில் அதற்குப் பெயர் சைபர்.
என்னிடம் நான்கு படங்கள்.
ஒன்றில் மீட்டருக்கும் கதவு நிலைக்கும் நடுவே
புதிதாக ஓர் ஒட்டடை இழை.
அடுத்ததில் அதன் மேல் தூசி.
அதற்கடுத்ததில் இழையில் தொங்கும் ஈசல் சிறகு.
இந்த மாதம்
இழை அறுந்திருக்கிறது.
எண் அதேதான்.
யாரோ வந்து
விளக்குப் போடாமல் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
எல்லாப் படத்திலும், அலுவலகப் படத்திலும்கூட,
மீட்டர் கண்ணாடியில்
மங்கலாக என் நெற்றி இருக்கிறது.
நாகேந்திரப்பா சார் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பழைய மீட்டர்களில் ஓர் அலுமினியத் தட்டு சுழலும்.
அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு.
அதற்காகக் காத்திருக்கும் வேலை எனக்கில்லை,
ஆனாலும் நிற்பேன்.
வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று
அது வரும் வேகத்தில் தெரியும்.
ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியும் வீட்டில்
ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம்கூட ஆகும்.

இன்றைக்குக் கடைசி வீடு.
உள்ளே ஒரு இருமல், பிறகு ஒன்றுமில்லை.
சிவப்பு இன்னும் வரவில்லை.
கடைசி இலக்கம்
ஏழில் பாதியும் எட்டில் பாதியுமாக
ஜன்னலில் நிற்கிறது.
விதிப்படி ஏழு என்றுதான் எழுத வேண்டும்.
எழுதினேன்.
படத்தில் இரண்டும் இருக்கின்றன.

தண்டவாளத்தில் ஏதோ ரயில் போக
சுவரோடு சேர்ந்து என் கையும் அதிர்கிறது.
அது நிற்பதற்குள்
உள்ளே யாரோ மிக்ஸி போடுகிறார்கள்.